அம்மாவுக்குத் தெரியாத க்ஷேத்திர கணிதம்

கணக்குப் பாடம் என்றால் நமக்கு இன்றைக்கும் அடிவயிற்றில் ஒரு சங்கடம் உண்டு. பள்ளிக்கூடத்தை விட்டு எத்தனையோ வருஷங்கள் ஆன பிறகும், பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்து வினாத்தாள் புரியாமல் விழிப்பதாகச் சொப்பனம் காண்கிறோம். அந்த வினாத்தாள் ஒரு நாளாவது தமிழ் வினாத்தாளாகவோ, சரித்திர வினாத்தாளாகவோ இருந்ததில்லை. இப்பேர்ப்பட்ட நம்மிடம், "பெண்ணுக்கு வீட்டிலேயே க்ஷேத்திர கணிதம் சொல்லிக் கொடுக்க வேண்டும், எந்தப் புஸ்தகம் வாங்கலாம்?" என்று ஒரு சகோதரி யோசனை கேட்டால் நம்முடைய நிலைமை எப்படி இருந்திருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

சகோதரி நம்முடைய பழைய சிநேகிதர் ஒருவரின் தங்கை. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் குடியிருக்கிறார். பதினைந்து வயதுப் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறார். இது அந்த நாட்டில் விந்தையான காரியமல்ல. ஐம்பது மாகாணங்களிலும் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒவ்வொரு கட்டுப்பாடு. நியூயார்க்கில் வசிப்பவர்கள் ஆண்டுத் தொடக்கத்தில் பாடத் திட்டம் எழுதிக் கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கையும் அனுப்ப வேண்டும். டெக்ஸாஸிலோ அதெல்லாம் கிடையாது. வாசிப்பு, எழுத்துக் கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை ஆகிய ஐந்தையும் எழுதப்பட்ட பாட நூல்களைக் கொண்டு உண்மையாகக் கற்பித்தால் போதும் என்று அந்த மாகாண உச்ச நீதிமன்றம் 1994-ம் ஆண்டில் முடிவு கட்டி விட்டது. கேட்பதற்கு ஆள் இல்லை என்பது சௌகரியந்தான். சொல்லித் தருவதற்கும் ஆள் இல்லை என்பது அதே சௌகரியத்தின் மறுபக்கம்.

அமெரிக்கப் பாடத் திட்டத்தில் க்ஷேத்திர கணிதம் என்பது நம் ஊரில் போல ஒவ்வொரு வகுப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக வருவதில்லை. முதல் அல்ஜீப்ராவுக்கும் இரண்டாவது அல்ஜீப்ராவுக்கும் நடுவே, பெரும்பாலும் ஒரு முழு வருஷத்தை அதற்கென்றே ஒதுக்கி விடுகிறார்கள். அந்த வருஷம் வீணானால் பின்னால் கலாசாலையில் சேரும்போது தெரியும். அதுவரை பெண்ணுக்குச் சகலமும் சொல்லிக் கொடுத்து வந்த தாயார் இங்கேதான் பயந்து போனார்.

பயத்துக்குக் காரணம் உண்டு. சிறு வயதில் தமிழ்நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தபோது தேற்றங்களையெல்லாம் சுலோகம் மாதிரி நெட்டுருப் போட்டவர் அவர். புஸ்தகத்தில் முக்கோணத்துக்கு ஏ, பி, ஸி என்று பெயர் இருந்தது. பரீட்சையில் யாரோ ஒரு புண்ணியவான் பி, க்யூ, ஆர் என்று மாற்றிப் போட்டு விட்டார். அவ்வளவுதான், அம்மையாருக்கு முக்கோணமே காணாமல் போய் விட்டது! உபாத்தியாயர் வகுப்பு முழுவதும் கேட்க, "உனக்கெல்லாம் கணக்கு எதற்கு?" என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்கு அவர் இன்று வரையில் பதில் தேடிக் கொண்டிருந்தார் என்று நமக்குத் தோன்றுகிறது.

முதலில் யாரோ சிபாரிசு செய்தார்கள் என்று ஒரு புஸ்தகம் வாங்கினார். அதன் பெயர் இங்கே வேண்டாம். அதற்கு ஒரு விடைப் புஸ்தகமும் இருந்தது; மெலிந்த புஸ்தகம். எண் விடைகள் வந்த வரையில் தொந்தரவில்லை. பெண் போட்ட கணக்கில் நாற்பத்திரண்டு பாகை, விடைப் புஸ்தகத்திலும் நாற்பத்திரண்டு பாகை. சரி என்று குறி போட்டு விடலாம். இப்படியே போய்க் கொண்டிருந்தபோது ஒரு நாள் இருசமபக்க முக்கோணம் வந்து சேர்ந்தது. இரண்டு பக்கங்கள் சமமானால், அவற்றுக்கு எதிரே உள்ள கோணங்களும் சமம் என்று நிரூபிக்க வேண்டும். ஐரோப்பாவில் பழைய நாளில் இந்தத் தேற்றத்துக்குக் 'கழுதைப் பாலம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மந்த புத்திக்காரர்களால் இந்தப் பாலத்தைத் தாண்ட முடியாது என்று அதற்குத் தாத்பரியம் சொல்லுவார்கள்.

விடைப் புஸ்தகத்தில் உச்சிக் கோணத்தை இரண்டாக வெட்டி ஒரு கோடு இழுத்து, இரண்டு சிறு முக்கோணங்கள் உண்டாக்கி, அவை சர்வசமம் என்று காட்டியிருந்தது. பெண்ணோ கோடே இழுக்கவில்லை. மூன்றே வரி எழுதியிருந்தாள். ஏபிஸி என்ற முக்கோணத்தையும், அதையே திருப்பிப் போட்ட ஏஸிபி என்ற முக்கோணத்தையும் ஒப்பிட்டுப் பார். ஏபி-யும் ஏஸி-யும் சமம். ஏஸி-யும் ஏபி-யும் சமம். நடுவிலுள்ள ஏ கோணம் இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே இரண்டும் சர்வசமம். ஆகவே பி கோணமும் ஸி கோணமும் சமம். முடிந்தது!

தாயார் சிவப்புப் பென்சிலால் 'தப்பு' என்று எழுதினார்.

"எங்கே தப்பு, அம்மா?" என்று பெண் கேட்டாள்.

"புஸ்தகத்தில் இப்படி இல்லையே!" என்றார் தாயார்.

பெண் ஒன்றும் சொல்லாமல் நோட்டுப் புஸ்தகத்தை மூடி வைத்தாள். மறு நாளிலிருந்து விடையைப் பார்த்து, அதில் உள்ளபடியே எழுத ஆரம்பித்தாள். கேட்டதற்கு, "இப்படி எழுதினால்தானே சரி என்று போடுவாய்?" என்றாளாம். தம்முடைய பழைய பள்ளிக்கூடம் டெக்ஸாஸ் வரையில் துரத்திக் கொண்டு வந்து விட்டதாக அந்தத் தாயாருக்குத் தோன்றியது. அன்றிரவே நமக்கு எழுதினார். பெண் எழுதிய மூன்று வரிகளையும் படம் பிடித்து அனுப்பியிருந்தார்.

நமக்குப் புரியாததில் ஆச்சரியமில்லை. ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவரிடம் கொண்டு போய்க் காட்டினோம். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக் கொண்டு, "இதை யார் சொல்லிக் கொடுத்தது? இது பாப்பஸ் செய்த நிரூபணம் அல்லவா!" என்றார். பாப்பஸ் என்பவர் கி.பி. நான்காம் நூற்றாண்டில் அலெக்ஸாண்டிரியா நகரத்தில் இருந்த கணித மேதை. ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு மேற்பட்ட நிரூபணத்துக்கு டெக்ஸாஸில் சிவப்புப் பென்சில் அடி விழுந்திருக்கிறது! இதைத் தெரிவித்தபோது தாயார் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுக் கொண்டு அந்தக் குறியை அழிக்கப் பார்த்தாராம். காகிதந்தான் கிழிந்தது.

இந்தச் சம்பவத்தில் சங்கதி முழுவதும் அடங்கியிருக்கிறது. அல்ஜீப்ராவில் விடை ஓர் எண். தெரியாதவர்கூட ஒத்துப் பார்க்கலாம். க்ஷேத்திர கணிதத்தில் விடை என்பது ஒரு வாதம். ஒரே ஊருக்கு நாலு வழி இருப்பது போல ஒரே தேற்றத்துக்கு நாலு நிரூபணம் இருக்கலாம். கணக்கு வராத பெற்றோர் புஸ்தகம் தேடும்போது பாடப் பகுதியைவிட விடைப் பகுதியைத்தான் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பது ஆசிரியரின் அபிப்பிராயம். முதல் அத்தியாயத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. எல்லாப் புஸ்தகங்களிலும் முதல் அத்தியாயம் சாதுவாகவே இருக்கும். சர்வசம முக்கோணங்கள் வரும் இடத்தைத் திறக்க வேண்டும். அங்கே விடைகள் படிப்படியாக, காரணத்தோடு எழுதியிருக்கின்றனவா, அல்லது 'நிரூபணம் மாணவரைப் பொறுத்தது' என்று கையை விரித்து விடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்தக் கண்ணோடு அமெரிக்க வீட்டுக் கல்விக்காரர்கள் உபயோகிக்கும் நூல்களை அவரும் நாமும் ஒரு மாத காலம் பரிசீலனை செய்தோம். கம்ப்யூட்டரே பாடம் சொல்லி, கணக்கைத் திருத்தி, தவறினால் விளக்கமும் சொல்லும் 'டீச்சிங் டெக்ஸ்ட்புக்ஸ்' தாயாருக்குப் பெரிய ஓய்வு கொடுக்கும். ஆனால் சொந்த வாக்கில் நீளமான நிரூபணம் எழுதிப் பழக அதில் இடம் குறைவு. 'மாத்-யூ-ஸீ' என்பதில் ஸ்டீவ் டெம்மி என்பவர் ஒவ்வொரு பாடத்தையும் வீடியோவில் நிதானமாக நடத்துகிறார். தாயும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். ஸாக்ஸன் நூல்கள் வெகுகாலம் க்ஷேத்திர கணிதத்தை அல்ஜீப்ராவுக்குள்ளேயே கரைத்துக் கொடுத்து வந்தன. தனி நூல் பின்னால் வந்தது. ரிச்சர்ட் ருஸிக் எழுதிய நூலுக்குத் தனியாக முழுத் தீர்வுப் புஸ்தகம் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள கணக்குகள் கணிதப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஏற்றவை. ருஷ்யாவில் 1892-ம் ஆண்டில் முதன்முதல் வெளியான கிஸெலெவ் நூலை அலெக்ஸாண்டர் கிவெந்தால் 2006-ல் ஆங்கிலத்தில் கொண்டு வந்தார். நம் ஆசிரியருக்கு அதன் மேல் அபாரப் பிரேமை. அழகான நூல் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் பக்கத்தில் விஷயம் தெரிந்தவர் இல்லாத வீட்டில் அதைக் கொண்டு போய் வைப்பது, நீச்சல் தெரியாதவரிடம் குழந்தையைக் கொடுத்துக் காவிரியைக் காட்டுவது போலத்தான்.

பணமே செலவழிக்க வேண்டாம் என்றால் ஸல்மான் கானின் 'கான் அகாடமி' இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் தனிப் பாடமாக வைத்துக் கொள்வதைவிட, புஸ்தகம் புரியாத இடத்தில் கை கொடுக்கும் துணையாக வைத்துக் கொள்வது உத்தமம் என்று நினைக்கிறோம்.

யூக்ளிடையே நேராகப் படித்தால் என்ன என்று கேட்கும் அமெரிக்கக் குடும்பங்களும் உண்டு. அவர்கள் ஆப்ரகாம் லிங்கனைச் சாட்சிக்கு அழைப்பார்கள். லிங்கன் பள்ளிக்கூடம் போன நாட்களையெல்லாம் சேர்த்தாலும் ஒரு வருஷம் தேறாது. 1847 முதல் 1849 வரை அமெரிக்கக் காங்கிரஸில் அங்கத்தினராக இருந்தார். அதற்குப் பிறகு யூக்ளிடின் ஆறு புஸ்தகங்களைப் படித்து அநேகமாகக் கரை கண்டதாக 1860-ல் எழுதிய சுயசரிதைக் குறிப்பில் தாமே சொல்லிக் கொண்டிருக்கிறார். அதாவது, வக்கீல் தொழிலும் குழந்தை குட்டிகளும் ஏற்பட்டு, வயது நாற்பதை எட்டிய சமயத்தில்! இந்தச் செய்தி பெண்ணுக்கு உபயோகப்பட்டதோ இல்லையோ, தாயாருக்கு நன்றாக உபயோகப்பட்டது. அவருக்கும் நாற்பத்து நாலு வயதுதான் ஆகிறது.

கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது ஹரால்ட் ஜேக்கப்ஸ் எழுதிய நூல். 1974-ல் முதல் பதிப்பும் 2003-ல் மூன்றாம் பதிப்பும் வந்தன. வேடிக்கைச் சித்திரங்கள் நிறைந்த புஸ்தகம். முக்கோணங்களோடு மல்லுக்கு நிற்பதற்கு முன்பே, ஒரு வாக்கியத்திலிருந்து இன்னொரு வாக்கியம் எப்படிப் பிறக்கிறது என்ற தர்க்க முறைக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஏ, பி, ஸி-யை நெட்டுருப் போட்டவர்களுக்கு விட்டுப் போன அத்தியாயம் அதுதான். விடைகளைத் தனியாக வாங்கிக் கொள்ள வேண்டும். அவர் வாங்கி விட்டார்.

ஆசிரியர் இன்னொரு யுக்தியும் சொல்லி அனுப்பினார். பெண் நிரூபணத்தை உரக்கப் படிக்க வேண்டியது, ஒவ்வொரு வரிக்கும் தாயார் "ஏன்?" என்று கேட்க வேண்டியது. அதற்கு மூன்று விதமான பதில்தான் செல்லும்: கணக்கிலேயே கொடுத்திருக்கிறது, அல்லது ஆரம்பத்தில் ஒப்புக் கொண்ட அடிப்படை உண்மை, அல்லது முன்பே நிரூபித்த தேற்றம். "பார்த்தாலே தெரிகிறதே!" என்பது பதிலாகாது. இந்த வேலைக்குக் கணக்கில் கெட்டிக்காரராக இருக்க வேண்டியதில்லை. கெட்டிக்காரர்கள் பாதி வரியைத் தாங்களே மனத்தில் நிரப்பிக் கொண்டு தலையை ஆட்டி விடுவார்கள். புரியாதவரை அப்படி ஏமாற்ற முடியாது. அப்படியும் சந்தேகம் தீராத நிரூபணங்களைச் சேர்த்து வைத்து, பதினைந்து நாளைக்கு ஒரு தரம், அடுத்த தெருவில் இருக்கும் என்ஜினீயரிங் மாணவி ஒருத்தியிடம் காட்டி வருகிறார்கள். அவளுக்குக் கூலி தோசையும் தேங்காய்ச் சட்டினியும்.

இப்போது சமாந்தரக் கோடுகள் நடக்கின்றனவாம். தாயார் இரண்டு நாள் முன்னதாகப் படித்து வைத்துக் கொள்ளுவது என்று ஏற்பாடு. நடப்பது என்னவோ பெண் இரண்டு நாள் முன்னால் போய் விடுகிறாள், தாயார் பின்னால் ஓடுகிறார். சென்ற வாரம் ஒரு நிரூபணத்தில் நாலாவது வரிக்கு "ஏன்?" என்று கேட்டபோது பெண் வெகு நேரம் யோசித்து விட்டு, "தெரியலை, அம்மா! தப்புத்தான் போலிருக்கிறது" என்று தானே ரப்பரை எடுத்தாளாம். இதைத் தனிக் கடிதமாக எழுதி அனுப்பியிருக்கிறார். கூடவே, அடுத்த வருஷத்து அல்ஜீப்ராவுக்கு எந்தப் புஸ்தகம் நல்லது என்றும் விசாரித்திருக்கிறார். அதற்குப் பதில் எழுத நமக்கு இன்னும் தைரியம் வரவில்லை.