கொசோவோவில் போரை மூட்டியது பள்ளிக்கூடமா?



கடந்த தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு ஒன்றில் பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்று அறிந்ததும், "மொழிக்கு ஒரு பள்ளி என்று பிள்ளைகளைப் பிரித்து வைத்தால் என்ன ஆகும் தெரியுமா, டீச்சர்? கொசோவோவைப் பாருங்கள். அங்கே அப்படித்தான் தொடங்கியது, போரில் போய் முடிந்தது" என்றார். முறுக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். அகதிகள், நேட்டோ விமானங்கள் என்பதற்கு மேல் கொசோவோவைப் பற்றி அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. மறுமொழி சொல்ல இயலாமற்போன வெட்கம் சில வாரங்கள் என்னைப் படிக்க வைத்தது. படித்த பின், அவர் கூற்றில் பாதி உண்மை இருப்பதாகத் தோன்றுகிறது. அந்தப் பாதி எது என்பதில்தான் எனக்கும் அவருக்கும் வழக்கு.

கொசோவோ சிறிய நிலப்பரப்பு. நம் பேராக் மாநிலத்தில் ஏறக்குறையப் பாதி. அங்கே பெரும்பான்மையர் அல்பேனியர்; சிறுபான்மையர் செர்பியர். ஆனால் செர்பியருக்கு அது வெறும் எல்லைப்புற மாவட்டமன்று. அவர்களுடைய தொன்மையான மடாலயங்கள் அங்கே உள்ளன. 1389இல் இளவரசர் லாசரும் உதுமானியச் சுல்தான் முதலாம் முராதும் மோதி, இருவருமே மாண்ட களமும் அங்கேதான். லாசரின் படையில் செர்பியரோடு பிற பால்கன் மக்களும் நின்றனர். பின்னாளைய நாட்டுப்பாடல்களும் பாடநூல்களும் அதைச் செர்பியரின் தனித் துயரமாக்கின. அல்பேனியரோ தங்களைப் பண்டைய இல்லிரியரின் வழித்தோன்றல்கள், எனவே அம்மண்ணுக்கு மூத்தவர்கள் என்று கற்பித்துக்கொண்டனர். யார் முதலில் வந்தார் என்னும் இந்த வாதத்தில் எனக்கு அதிக ஈடுபாடு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து அறுநூறு ஆண்டுகள் ஆனபின் அவரிடம் வீட்டுப் பத்திரம் கேட்பது போன்ற வேலை அது.

ஆசிரியை என்ற முறையில் என் கண்ணில் பட்டது வேறொன்று. அந்த நிலம் கைமாறிய ஒவ்வொரு முறையும் பள்ளியின் மொழியும் மாறியது. 1912இல் உதுமானியரிடமிருந்து செர்பியா கொசோவோவைக் கைப்பற்றியது. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அல்பேனிய மொழிப் பள்ளிகளுக்கு அங்கே இடமில்லை. இரண்டாம் உலகப்போரில் இத்தாலியரின் ஆதிக்கத்தில் அல்பேனியப் பள்ளிகள் திறக்கப்பட்டன. குடியேறியிருந்த செர்பியர் பல்லாயிரவர் விரட்டப்பட்டனர். டீட்டோவின் யூகோஸ்லாவியா, 1974ஆம் ஆண்டு அரசமைப்பின் வழி கொசோவோவுக்குப் பரந்த தன்னாட்சி வழங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பிரிஸ்டினா பல்கலைக்கழகம் அல்பேனிய, செர்பிய மொழிகள் இரண்டிலும் கற்பிக்கத் தொடங்கியிருந்தது. அந்தக் காலத்தில் தங்களுக்குப் பாதுகாப்பில்லை என்று முறையிட்டுச் செர்பியர் பலர் ஊரைவிட்டு வெளியேறியதையும் இங்கே குறித்தாக வேண்டும். அந்த மனக்குறையைத்தான் பின்னர் மிலோசெவிச் அரசியல் முதலாக்கினார்.

1989இல் தன்னாட்சி பறிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு செர்பியா தன் பாடத்திட்டத்தைக் கொசோவோவின் பள்ளிகள்மீதும் சுமத்தியது. அல்பேனிய வரலாறும் இலக்கியமும் அதில் சுருங்கிப்போயின. அல்பேனிய ஆசிரியர்கள் ஏற்க மறுத்தனர். 1991இல் அவர்களுடைய சம்பளம் நிறுத்தப்பட்டது. உயர்நிலைப் பள்ளிகளின் கதவுகளும் பல்கலைக்கழகத்தின் கதவுகளும் அல்பேனிய மாணவர்களுக்கு அடைக்கப்பட்டன.

அதன்பின் நடந்ததைப் படித்தபோது உண்மையிலேயே கண் கலங்கினேன். மக்கள் தங்கள் வீடுகளைப் பள்ளிகளாகக் கொடுத்தார்கள். பிரிஸ்டினாவில் ஹெர்டிட்சா குடும்பத்தார் கொடுத்த வீடு அவற்றுள் புகழ்பெற்றது. வரவேற்பறை ஒரு வகுப்பு, மாடியறை ஒரு வகுப்பு. நாற்காலி இல்லை, தரையில் அமர்ந்து, தொடைமேல் ஏட்டை வைத்து எழுதினார்கள். வழியில் காவலர் பிடிப்பார்களோ என்று புத்தகங்களை உடைக்குள் மறைத்துக்கொண்டு போனார்கள். தொடக்கப்பள்ளிகள் பலவற்றில் கட்டடம் மட்டும் பொதுவாக இருந்தது. இரு இனப் பிள்ளைகளும் வெவ்வேறு நேரங்களில் வந்தனர், சில இடங்களில் நடுவே சுவரே எழுப்பப்பட்டது. மூன்று இலட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் இந்த இணைநிலைக் கல்வியில் படித்தனர். உள்ளூரிலும் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளிலும் உழைத்த அல்பேனியர் தம் வருமானத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு கொடுத்து அதைத் தாங்கினர். தோட்டப்புறங்களில் தகரக் கொட்டகையில் தமிழ் படித்த தலைமுறையின் பேத்தி நான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த இயக்கத்தின் தலைவர் இப்ராகிம் ருகோவா, ஓர் இலக்கிய ஆய்வாளர். ஆயுதம் ஏந்தாமல் ஆண்டுகளைக் கடத்தினார். 1996 செப்டம்பரில் அவரும் மிலோசெவிச்சும் கல்வி உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டனர்; மாணவர்களும் ஆசிரியர்களும் பள்ளிக் கட்டடங்களுக்குத் திரும்பலாம் என்பதே அதன் சாரம். அது செயலுக்கு வரவில்லை. 1997 அக்டோபரில் பல்கலைக்கழகக் கட்டடங்களைக் கேட்டு ஊர்வலம் போன மாணவர்களைக் காவல்துறை அடித்துக் கலைத்தது. அந்த ஊர்வலத்தை நடத்தியவர்களில் ஒருவரான அல்பின் குர்தி பின்னாளில் பிரதமரானார். அடுத்த மாதம் ஹலித் கெட்சி என்னும் பள்ளி ஆசிரியர் செர்பியப் படையினரால் கொல்லப்பட்டார். அவருடைய இறுதிச் சடங்கில்தான் கொசோவோ விடுதலைப் படையினர் முதன்முறையாக மக்கள் முன் வெளிப்படையாகத் தோன்றினர்.

அந்தப் பெரியவர் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும் என்பதே என் விருப்பம். பள்ளிகள் திறந்திருந்த காலத்தில் போர் வரவில்லை. பள்ளிகள் மூடப்பட்டன, அமைதியாகக் கேட்டவர்கள் ஆறேழு ஆண்டுகள் கேட்டுக் களைத்தார்கள், உடன்படிக்கை காகிதமாயிற்று, அதன்பிறகே துப்பாக்கி மேடையேறியது. போருக்குப் பள்ளி ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. யூகோஸ்லாவியா உடைந்ததும், 1995இன் டேட்டன் உடன்பாட்டில் கொசோவோ கைவிடப்பட்டதும், அண்டை அல்பேனியாவில் 1997இல் ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டதும் சேர்ந்தே அந்தத் தீயை வளர்த்தன.

போரைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1999 மார்ச்சு 24 முதல் 78 நாள்கள் நேட்டோ குண்டு வீசியது. ஏறத்தாழ 500 பொதுமக்கள் அதில் இறந்தனர். அதே வாரங்களில் செர்பியப் படைகள் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட அல்பேனியரை எல்லைக்கு அப்பால் துரத்தின. சூன் மாதம் படைகள் விலகியதும் அல்பேனியர் திரும்பினர். இம்முறை இலட்சத்துக்கும் மேற்பட்ட செர்பியரும் ரோமா மக்களும் ஓடினர். நேற்று அடிபட்டவர்கள் இன்று அடித்தார்கள். வீட்டுப் பள்ளிகளுக்காகக் கண் கலங்கிய எனக்கு இந்தப் பக்கத்தைப் படிக்க மனம் வரவில்லை, படித்தேன்.

பெரியவர் சொன்னதில் உள்ள உண்மை இதற்குப் பின்னர் வருகிறது. 2008 பிப்ரவரி 17இல் கொசோவோ தனிநாடாக அறிவித்துக்கொண்டது. அவ்வாண்டு அக்டோபரில் மலேசியாவும் அதை ஏற்றது, செர்பியா ஏற்கவில்லை. கொசோவோவின் சட்டப்படி அல்பேனியமும் செர்பியமும் ஆட்சிமொழிகள். ஆனால் போருக்குப் பின் அல்பேனியப் பள்ளிகளில் செர்பிய மொழி கற்பிக்கப்படவில்லை. பெல்கிரேட்டின் பாடத்திட்டப்படி நடக்கும் செர்பியப் பள்ளிகளில் அல்பேனியம் கற்பிக்கப்படவில்லை. முதியவர்கள் ஒருவரோடொருவர் பேசுவர். இளையோர் சந்தித்தால் ஆங்கிலத்தைத் தேட வேண்டும். பிரிஸ்டினா பல்கலைக்கழகம் என்ற பெயரிலேயே இரண்டு பல்கலைக்கழகங்கள் உள்ளன. ஒன்று பிரிஸ்டினாவில், மற்றொன்று இபார் ஆற்றின் வடகரையில், மித்ரோவிட்சாவில்.

தாய்மொழிப் பள்ளி அங்கே பிரிவினையைச் செய்யவில்லை. அடுத்தவர் மொழியைக் கல்லாத பள்ளி செய்தது. இந்த வேறுபாட்டை நம் நாட்டில் பேசுவோர் பலர் கருதுவதில்லை. தாய்மொழிப் பள்ளிகள் அரசமைப்புக்கு முரணல்ல என்று 2021இல் உயர் நீதிமன்றமும் 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. ஆனால் வழக்கில் வென்றதால் நம் கடமை தீர்ந்ததாக நான் நினைக்கவில்லை. நம் பிள்ளைகள் முதலாம் ஆண்டிலிருந்தே மலாய் படிக்கிறார்கள். அந்தப் பாடவேளையை "தேர்வுக்குப் போதும்" என்ற அளவில் நடத்துகிற ஆசிரியர்களையும் அறிவேன், "வீட்டில் பேசவா போகிறான்?" என்று கேட்கிற பெற்றோரையும் அறிவேன். அந்த அலட்சியத்தைப் பார்க்கும்போது பெரியவரின் குரல் எனக்குக் கேட்கிறது.

வரலாற்றுப் பாடத்தைப் பற்றியும் ஒரு செய்தி. பெல்கிரேட்டில் இயங்கும் மனிதநேயச் சட்ட மையமும் அதன் கொசோவோ கிளையும் சேர்ந்து, 1998 முதல் 2000 வரை மாண்டவர், காணாமற்போனவர் ஒவ்வொருவரையும் பெயர் பெயராகப் பதிவு செய்தன. முதல் தொகுதி 2011இல் வெளிவந்தது. மொத்தம் 13,535 பேர். அல்பேனியர் 10,812, செர்பியர் 2,197, ரோமா உள்ளிட்ட பிறர் 526. செர்பியரும் அல்பேனியரும் கூடி உழைத்து, இரு தரப்பு இறந்தோரையும் ஒரே ஏட்டில் எழுதியிருக்கிறார்கள். நான்காம் ஆண்டு வரலாறு கற்பிக்கும் நான், பாடநூலைத் திறக்கும்போதெல்லாம் இந்த ஏட்டை நினைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பெரியவரின் தொலைபேசி எண்ணை நண்பரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பள்ளி விடுமுறை தொடங்கியதும் அழைப்பதாக இருக்கிறேன்.