பயிற்சியாளர்க்கு உரிய புகழ்

கால்பந்து ஆட்டம் முடிந்து மக்கள் திடலைவிட்டுக் கலைந்து செல்லும் வேளையில், அவர்கள் பேசுவதைச் சற்றே செவிமடுத்துப் பாருங்கள். வென்ற அணியைப் பற்றிய பேச்சானால், "அவன் அடித்த அடியைக் கண்டாயா! கோல் காவலன் கைக்கு எட்டாமல் பறந்ததே பந்து!" என்பார்கள். தோற்ற அணியைப் பற்றிய பேச்சானால், "பயிற்சியாளருக்கு ஒன்றும் தெரியவில்லை, அவரை மாற்ற வேண்டும்" என்பார்கள். வெற்றி வந்தால் அது ஆடியவர்க்கு உரியது. தோல்வி வந்தால் அது பயிற்றியவர்க்கு உரியது. இத்தகைய பங்கீடு ஆடுகளத்தில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. இது முறையான பங்கீடுதானா? வெற்றி பெற்ற பயிற்சியாளர்க்கு உரிய புகழ் கிடைக்கின்றதா? முழுமையாகக் கிடைக்கவில்லை என்பதே என் கருத்து. அதனை ஒருவருடைய வாழ்க்கையைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

முதலில் பயிற்சியாளரின் பணி யாது என்று பார்ப்போம். அவர் பந்தை உதைப்பதில்லை. ஆட்டம் நடக்கும் ஒன்றரை மணி நேரமும் அவர் கோட்டுக்கு வெளியே இருக்கிறார். எந்த ஆட்டக்காரரைக் கழகத்தில் சேர்ப்பது, எவரை விடுவது, எவரை எந்த இடத்தில் நிறுத்துவது, காயமுற்றவரை எப்போது மீண்டும் களத்தில் இறக்குவது, மனம் சோர்ந்தவரை எப்படித் தேற்றுவது என்பனவே அவர் பணிகள். இவற்றுள் பெரும்பாலானவை மக்கள் திடலுக்கு வருமுன்னரே முடிந்துவிடுகின்றன. கோலைப் பல்லாயிரவர் காண்கின்றனர். கோலுக்கு வழி செய்த முடிவை எவரும் காண்பதில்லை. கண்ணுக்குத் தெரிந்ததைப் புகழ்வது மக்கள் இயல்பு. எனவே, பயிற்சியாளரின் புகழ் தொடக்கத்திலேயே குறைந்துவிடுகிறது.

இனி, நான் கூற வந்தவரைப் பற்றிச் சொல்வேன். இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள டர்ஹம் நாட்டுப்புறத்தில், ஹெட்டன்-லெ-ஹோல் என்னும் ஊரில் 1919-ஆம் ஆண்டு பாப் பெய்ஸ்லி பிறந்தார். தந்தையார் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. இளமையில் பெய்ஸ்லி கொத்து வேலை பழகினார், கால்பந்தும் ஆடினார். 1939-இல் லிவர்பூல் கழகத்தில் சேர்ந்தார். அவ்வாண்டே உலகப் போர் மூண்டது. அவர் படையில் சேர்ந்து வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பணிபுரிந்தார். போர் முடிந்தபின் கழகத்துக்குத் திரும்பி, 1947-இல் லீக் போட்டியில் வென்ற அணியில் ஆடினார்.

1950-ஆம் ஆண்டில் அவருக்கு ஒரு பெருந்துயர் நேர்ந்தது. எஃப்.ஏ. கோப்பையின் அரையிறுதி ஆட்டத்தில் அவர் ஒரு கோல் அடித்தார்; அணி வென்று இறுதிக்குச் சென்றது. ஆனால், வெம்பிளித் திடலில் நடந்த இறுதி ஆட்டத்திற்குரிய பதினொருவர் பட்டியலில் அவர் பெயர் இல்லை! உழைத்தும் விலக்கப்பட்டவனின் வேதனை எத்தகையது என்பதை அன்று அவர் தம் நெஞ்சில் உணர்ந்தார். பின்னாளில் பிறரை விலக்க வேண்டிய பொறுப்பு அவர்க்கே வந்தபோது, இந்த அனுபவம் அவர்க்குத் துணை நின்றது.

1954-இல் ஆட்டத்தை விட்டபின் அவர் அதே கழகத்தில் பயிற்சிப் பணியில் அமர்ந்தார். உடலியக்க மருத்துவமும் கற்றார். ஓர் ஆட்டக்காரர் நடந்து வரும் நடையைக் கண்டே, அவர்க்கு எங்கே நோவு என்று கூறிவிடுவார் என்று உடனிருந்தோர் வியப்பர். 1959-ஆம் ஆண்டின் இறுதியில் பில் ஷாங்க்லி என்பவர் கழகத்தின் மேலாளராக வந்தார். இங்கிலாந்தில் தலைமைப் பயிற்சியாளரை மேலாளர் என்றே அழைப்பர். ஷாங்க்லி பேச்சில் வல்லவர். கூட்டத்தைத் தம் சொல்லால் கட்டிவைக்கும் ஆற்றலர். இரண்டாம் பிரிவில் கிடந்த கழகத்தை உயர்த்தி, மூன்று முறை லீக் வெற்றியைத் தேடித் தந்தார். பெய்ஸ்லி அவர்க்குத் துணைவராய் அமைதியாகப் பணியாற்றினார்.

1974-ஆம் ஆண்டு ஷாங்க்லி திடீரெனப் பதவியைத் துறந்தார். கழகத்தார் பெய்ஸ்லியை அழைத்தனர். அவர் தயங்கித் தயங்கியே அப்பொறுப்பை ஏற்றார். முதல் ஆண்டில் பெருங்கோப்பை எதுவும் கிடைக்கவில்லை. அதன் பின்னர் நிகழ்ந்ததோ வியப்புக்குரியது. 1983 வரையுள்ள ஒன்பது ஆட்டப் பருவங்களில் லிவர்பூல் ஆறு முறை லீக் வெற்றி பெற்றது. 1977, 1978, 1981 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அக்கோப்பையை மூன்று முறை வென்ற முதல் பயிற்சியாளர் பெய்ஸ்லியே ஆவார். 1977-இல் அவ்வெற்றி ரோம் நகரில் கிட்டியது. 1944-இல் படைவீரராக அந்நகருள் புகுந்த அதே மனிதர், 33 ஆண்டுகள் கழித்துக் கோப்பையோடு திரும்பினார்.

இங்கே ஒருவர் மறுப்புக் கூறலாம். "ஷாங்க்லி கட்டி வைத்த வீட்டில் இவர் குடிபுகுந்தார். நல்ல ஆட்டக்காரர்களும் செல்வமும் உள்ள கழகத்தில் எவர் இருந்தாலும் வெற்றி வந்திருக்கும்" என்பது அம்மறுப்பு. இதனை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது; ஆராய்ந்தே விடை கூற வேண்டும்.

1977-ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் லிவர்பூலுக்காகக் களம் புகுந்தவர் பதினொருவர். 1981-ஆம் ஆண்டு இறுதி ஆட்டம் பாரிசில் நடந்தபோது, அப்பதினொருவருள் நால்வரே ஆட்டத்தின் தொடக்கத்தில் களத்தில் இறங்கினர். நான்கு ஆண்டுகளில் எழுவர் மாறினர். வெற்றி மட்டும் மாறவில்லை. கற்கள் மாறியும் கட்டடம் சாயாமல் நின்றது என்றால், கட்டுபவன் கைத்திறனை நாம் எண்ணிப் பார்க்க வேண்டாவா? 1977-இல் கெவின் கீகன் என்னும் புகழ்மிக்க ஆட்டக்காரர் ஜெர்மனியின் ஹாம்பர்க் கழகத்துக்குச் சென்றார். அதனால் லிவர்பூலுக்கு 5,00,000 பவுன் கிடைத்தது. அவர் இடத்திற்கு கென்னி டால்கிளிஷ் என்பவரைப் பெய்ஸ்லி 4,40,000 பவுனுக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டின் இறுதி ஆட்டத்தில் விழுந்த ஒரே கோலை அடித்தவர் அந்த டால்கிளிஷே. பெற்றதைவிடக் குறைவாகச் செலவிட்டு, வெற்றியைத் தொடரச் செய்ததைச் செல்வத்தின் வலிமை என்று கூறலாமா?

மற்றொரு சான்றும் உண்டு. ரே கென்னடி என்பவர் முன்னணியில் நின்று கோல் அடிப்பவராகக் கழகத்திற்கு வந்தவர். அவ்விடத்தில் அவர் விளங்கவில்லை. வேறொருவராயின் அவரை விற்றிருப்பார். பெய்ஸ்லி அவரை நடுக்களத்தின் இடப்பக்கத்திற்கு மாற்றினார். அங்கே கென்னடி புதுப்பிறவி எடுத்தவர் போல் ஆடினார். இங்கிலாந்து நாட்டணியிலும் இடம் பெற்றார். ஒருவனிடம் உள்ள குறையைக் காண்பது எளிது. அவனுக்குரிய இடத்தைக் காண்பதே அரிது. அவ்வரிய செயலைச் செய்வோன்தான் சிறந்த பயிற்சியாளன்.

இவ்வளவு செய்தவர்க்குக் கிடைத்த புகழ் எவ்வளவு? 1977-இல் அவருக்கு ஓ.பி.இ. என்னும் விருது வழங்கப்பட்டது. மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் மேலாளர்களாக இருந்த மாட் பஸ்பிக்கு 1968-இலும், அலெக்ஸ் பெர்குசனுக்கு 1999-இலும் 'சர்' பட்டம் கிடைத்தது. மூன்று ஐரோப்பியக் கோப்பைகளை வென்ற பெய்ஸ்லிக்கு அப்பட்டம் இறுதிவரை கிடைக்கவில்லை. அவர் 1996-இல் மறைந்தார். ஆன்ஃபீல்டு என்னும் லிவர்பூல் திடலில் ஷாங்க்லிக்கு 1997-இல் சிலை எழுந்தது. பெய்ஸ்லிக்குச் சிலை எழுந்ததோ 2020-இல்தான். ஷாங்க்லி பெற்ற புகழைக் குறைக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. அவர் அதற்கு முற்றும் தகுதியானவர். ஆனால், ஒருவர் முழங்கினார், மற்றவர் முழங்கவில்லை என்பதற்காகப் புகழின் அளவு மாறலாமா? நிறைகுடம் தளும்பாது என்பர். தளும்பாத குடத்தில் நீர் இல்லை என்று உலகம் எண்ணிவிடுகிறது!

"பெய்ஸ்லி விலகிய பின்பும் 1984-இல் கழகம் ஐரோப்பியக் கோப்பையை வென்றதே, அவர் இல்லாமலும் வெற்றி வந்ததே" என்று சிலர் கேட்கக்கூடும். ஆம், வந்தது. அவர்க்குத் துணையாயிருந்த ஜோ ஃபேகன் பொறுப்பேற்று அவ்வெற்றியைப் பெற்றார். காலணிகள் வைக்கும் சிறியதோர் அறையில் பெய்ஸ்லியும் ஃபேகனும் ரோனி மோரனும் பிறரும் கூடி, ஒவ்வோர் ஆட்டத்தைப் பற்றியும் கலந்து பேசுவது அக்கழகத்தின் வழக்கம். எனவே, வெற்றி முழுவதும் ஒருவரால் வந்தது என்று கூறுதல் பிழை. ஆடியோர் பங்கும் துணைவர் பங்கும் அதில் உண்டு. எனினும், தமக்குப் பின் வருவோரும் வெல்லுமாறு ஒரு முறையை நிலைபெறச் செய்தவர்க்கு, அதனாலேயே புகழைக் குறைப்பது எவ்வாறு பொருந்தும்? தாம் இல்லாவிடில் அனைத்தும் சரிந்துவிடும்படி செய்தவரைவிட, தாம் இல்லாதபோதும் நிற்கும்படி செய்தவரே உயர்ந்தவர் அல்லரோ?

பயிற்சியாளரின் தொழிலில் உள்ள பெருந்துன்பம் இதுதான். அவர் தம் பணியை எவ்வளவு செம்மையாகச் செய்கின்றாரோ, அவ்வளவுக்கு அது இயல்பாக நடந்தது போலத் தோன்றும். உரியவர் உரிய இடத்தில் நின்றால், "அவர் அங்கே நிற்காமல் வேறெங்கே நிற்பார்?" என்று நாம் எண்ணுகிறோம். தவறான இடத்தில் நின்றால்தான், நிறுத்தியவர் யார் என்று கேட்கிறோம். ஆகவே, வெற்றி பெற்ற பயிற்சியாளரை அளக்க விரும்புவோர் கோப்பைகளை மட்டும் எண்ணினால் போதாது. அவர் எதை மாற்றினார், எதை மாற்றாமல் காத்தார், எவரை எங்கிருந்து எங்கே உயர்த்தினார் என்று கேட்க வேண்டும். அவர்க்கு நாம் கொடுக்கத்தக்க உண்மையான புகழ் பட்டமும் அன்று, சிலையும் அன்று. அவர் செய்தது இன்னதென்று அறிந்து பேசுவதே ஆகும்.

அவ்வாறு அறிந்தவர்கள் சிலர் இருந்தனர். 1983-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெம்பிளியில் லிவர்பூல் லீக் கோப்பையை வென்றது. பெய்ஸ்லி விலகப்போகும் ஆண்டு அது. அணித்தலைவர் படியேறிக் கோப்பையைப் பெறுவதே அங்கு வழக்கம். அன்று அணித்தலைவர் கிரேம் சூனஸ் முன்செல்லாமல், பெய்ஸ்லியை முதலில் ஏறச் சொன்னார். 1950-இல் அதே திடலில் ஆட இடம் கிடைக்காமல் வருந்திய மனிதர், அன்று தம் வீரர்களுக்கு முன்னே நடந்து சென்று கோப்பையைக் கையில் வாங்கினார். பட்டம் வழங்குவோர் காணாததை, அவரிடம் பயின்றோர் கண்டனர்.

ஆன்ஃபீல்டில் உள்ள அவருடைய சிலை கோப்பையை ஏந்தி நிற்கவில்லை. 1968-இல் ஓர் ஆட்டத்தில் காயமுற்ற எம்லின் ஹியூஸ் என்னும் இளைஞரைப் பயிற்சிப் பணியிலிருந்த பெய்ஸ்லி முதுகில் சுமந்து வெளியேறினார். அக்காட்சியையே சிலையாக வடித்துள்ளனர். 1977-இல் ரோம் நகரில் அணித்தலைவராக நின்று கோப்பையை உயர்த்தியவர் அந்த ஹியூஸ்தான். அடுத்த முறை நீங்கள் ஓர் அணியின் வெற்றியைக் காணும்போது, கோப்பையை உயர்த்தும் கையைப் பாருங்கள். வேண்டாம் என்று நான் கூறேன். ஆனால், அக்கைக்கு உரியவரை ஒரு நாள் முதுகில் சுமந்தவர் யார் என்றும் கேளுங்கள்.