வேடந்தாங்கல் கரையோடு முடிவதில்லை

வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். பருவத்தில் அங்கே கூடு கட்டும் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு அந்த ஏரி மட்டும் இரை தந்து மாளாது. நத்தைக்குத்தி நாரை சுற்றுவட்டார நெல்வயல்களில் நத்தையும் நண்டும் பொறுக்குகிறது; கூழைக்கடா அக்கம்பக்கத்து ஏரிகளுக்கு மீன் தேடிப் போகிறது. வயிற்றை நிரப்பிக்கொண்டு கூட்டுக்குத் திரும்பும் அவற்றின் எச்சம் ஏரியில் விழுகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏறிய அந்தத் தண்ணீர் மதகு வழியே மறுபடி வயலுக்குப் பாய்கிறது. நாற்றைக் கடிக்கும் நத்தையை நாரை தின்பது விவசாயிக்குக் கூடுதல் லாபம்.

இந்தக் கணக்கை ஊர்க்காரர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பிரிட்டிஷ் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டுத் தடையுத்தரவு வாங்கியவர்கள் அவர்கள். நடந்தது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில். வனவிலங்குச் சட்டமெல்லாம் வெகு பின்னால் வந்தது.

1998இல் ஏரியோடு, சுற்றியுள்ள 5 கிலோமீட்டர் பகுதியையும் அரசு சரணாலயமாக அறிவித்தது சரியான முடிவு. 2020இல் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்க வனத்துறை முன்வைத்த யோசனை கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. நீர் நிற்கும் இடத்தை மட்டும் காத்தால் போதும் என்ற எண்ணம்தான் அந்த யோசனையின் வேர். 2022இல் வேடந்தாங்கலுக்குச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்த பிறகும் அந்த எண்ணம் மாறிவிட்டதாகத் தெரியவில்லை. வயல் மனையானாலும், பூச்சிமருந்தில் நத்தை செத்தாலும், வரத்துக்கால்வாய் தூர்ந்தாலும் ஏரியின் சர்வே எண் அப்படியேதான் இருக்கும். பறவைக்குச் சர்வே எண்ணால் என்ன பயன்?

அந்த 5 கிலோமீட்டருக்குள் பட்டா நிலமும் குடியிருப்பும் இருக்கின்றன. சரணாலயம் என்ற பெயரால் தங்கள் கை கட்டப்படுமோ என்ற விவசாயியின் அச்சம் நியாயமானது. அதற்கு எல்லையைக் குறைப்பது தீர்வாகாது. குறைத்தால் ஆதாயம் ஆலைக்கும் மனை வியாபாரிக்கும்தான்; நெல் போடுகிறவருக்கு அதில் ஒன்றுமில்லை.

எல்லையில் அரசு இனி கைவைக்கக் கூடாது. அதற்குள் புதிய ஆலைக்கும் மனைப் பிரிவுக்கும் அனுமதி தரக் கூடாது. பூச்சிமருந்தைக் கைவிட்டு நெல் பயிரிடுவோருக்கு ஏக்கர் கணக்கில் ஊக்கத்தொகையும், விளைந்த நெல்லுக்குக் கூடுதல் கொள்முதல் விலையும் தர வேண்டும். பறவைகள் இரை தேடும் சுற்றுவட்டார ஏரிகளின் வரத்துக்கால்வாய்களில் உள்ள ஆக்கிரமிப்பை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே நீர்வளத் துறையும் வருவாய்த் துறையும் அகற்றியாக வேண்டும்.