பிளேட்டைப் பிடிக்கிற கை

முதல் வருஷ வொர்க்‌ஷாப் லேப் ஞாபகம் இருக்கா? பெஞ்ச் டிரில்லிங் மெஷின் பக்கம் போகவே எத்தனை கண்டிஷன்! ஷூ போடணும், சட்டையை டக்-இன் பண்ணணும், ஜாப்பை வைஸில் இறுக்கணும், சக் கீயை எடுத்துட்டுதான் ஸ்விட்ச் போடணும். இன்ஸ்ட்ரக்டர் பக்கத்திலேயே நிற்பார். ஒரே ஒரு ஓட்டை போட்டு, ரெக்கார்டில் படம் வரைந்து, கையெழுத்து வாங்கிட்டு வந்தோம்.

இப்போ ஃபைனல் இயர். அந்த மெஷினுக்குப் பிறகு நாம் பெஞ்ச் டிரில்லைத் தொட்டதே இல்லை. புராஜெக்ட், ரோபோ, கோ-கார்ட், சிம்போசியம் ஸ்டால் எல்லாத்துக்கும் கார்ட்லெஸ் டிரில்தான். அதற்கு மட்டும் எந்தக் கண்டிஷனும் கிடையாது. ஒருத்தர் ட்ரிகரை அமுக்குவார், இன்னொருத்தர் தரையில் உட்கார்ந்து அலுமினியம் பிளேட்டைக் கையால் பிடித்துக்கொள்வார். "நல்லா பிடிடா" என்பதுதான் அங்கே இருக்கிற மொத்த சேஃப்டி.

என் கருத்து இதுதான். ஒரு மணி நேரம் பழகாமல் யாரும் கார்ட்லெஸ் டிரில்லை எடுக்கக் கூடாது. அந்த ஒரு மணி நேரம் டீமில் ஒருத்தருக்கு மட்டும் கிடைத்தால் போதாது, எல்லாருக்கும் கிடைக்கணும்.

ஏன் இதை மட்டும் நாம் பொம்மை மாதிரி எடுத்துக்கொள்கிறோம்? எடை கம்மி, ஒயர் இல்லை, பிடிப்பதற்கு வசதி. துப்பாக்கி மாதிரி பிடியும் ட்ரிகரும் வைத்த எலக்ட்ரிக் டிரில்லுக்கு பிளாக் அண்ட் டெக்கர் பேட்டன்ட் வாங்கியது 1917-இல். 1961-இல் பேட்டரியில் ஓடும் டிரில்லையும் அவர்களே கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு மாடலும் இன்னும் எளிதாகிக்கொண்டே வருகிறது. எளிதாக எடுக்க முடிவதால், யோசிக்காமலும் எடுத்துவிடுகிறோம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். செமஸ்டருக்குப் படித்த அதே மெக்கானிக்ஸ்தான். சாதாரண 12 வோல்ட் டிரில்லின் பெட்டியில் அதிகபட்ச டார்க் 30 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கும். பிட் பிளேட்டில் சிக்கிக்கொண்டால், அந்த டார்க் பிளேட்டைச் சுழற்றப் பார்க்கும். ஓட்டையிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி உங்கள் விரல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30-ஐ 0.1-ஆல் வகுத்தால் 300 நியூட்டன். அதாவது கிட்டத்தட்ட 30 கிலோ எடைக்குச் சமமான விசை, ஒரே நொடியில், மெல்லிய தகட்டின் விளிம்பு வழியாக விரலுக்கு வருகிறது. இது உச்சக் கணக்குதான். ஆனா அதில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே விரல் தாங்காது. இந்த இடத்தில் "நல்லா பிடிடா" என்ன செய்யும்? டிரில் பிடித்தவருக்காவது ட்ரிகரை விடும் வாய்ப்பு இருக்கிறது. பிளேட்டைப் பிடித்தவருக்கு அதுவும் இல்லை.

பிட் சிக்குவது பெரும்பாலும் கடைசி அரை மில்லிமீட்டரில்தான். ஓட்டை மறுபக்கம் திறக்கும்போது, மிச்சமிருக்கும் மெல்லிய உலோகத்தை பிட்டின் முனை கொக்கி மாதிரி கவ்விவிடும். அந்த நேரத்தில்தான் நாம் "முடியப்போகுது" என்று இன்னும் அழுத்துகிறோம். செய்ய வேண்டியது நேர் எதிர். கடைசியில் அழுத்தத்தைக் குறைக்கணும். பிளேட்டுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்து, இரண்டையும் சேர்த்து சி-கிளாம்ப் போட்டு மேஜையோடு இறுக்கணும். "பிடி" என்று யாராவது சொன்னால், "கிளாம்ப் எங்கே?" என்று கேளுங்கள். அது பயம் இல்லை. நாம் படித்த படிப்பு.

அடுத்தது சக்குக்குப் பின்னால் இருக்கும் நம்பர் போட்ட வளையம். நம்மில் பாதிப் பேர் அதைத் திருப்பியதே இல்லை. அது கிளட்ச். சின்ன நம்பரில் வைத்தால் கொஞ்சம் டார்க்கிலேயே 'கட கட' என்று நழுவிவிடும். ஸ்க்ரூ போடும்போது சின்ன நம்பரில் ஆரம்பித்து, தலை சமமாக உட்காரும் வரை ஒவ்வொன்றாக ஏற்றணும். டிரில் படம் போட்ட இடத்தில் வைத்தால் பொதுவாக கிளட்ச் வேலை செய்யாது, முழு டார்க்கும் போகும். அதே நிலையில் ஸ்க்ரூ போட்டால் அக்ரிலிக் விரிசல் விடும், ஸ்க்ரூ தலை மழுங்கும். அப்புறம் "மட்டமான ஸ்க்ரூ" என்று கடைக்காரரைத் திட்டுவோம்.

மேலே இருக்கும் 1, 2 ஸ்விட்ச்சும் அலங்காரம் இல்லை. 1-இல் வேகம் கம்மி, டார்க் அதிகம். 2-இல் வேகம் அதிகம், டார்க் கம்மி. கட்டிங் ஸ்பீட் ஃபார்முலாவைத் தேர்வுக்கு மனப்பாடம் பண்ணினோமே, அது இங்கேதான் உதவும். மைல்ட் ஸ்டீலுக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று எடுத்தால், 3 மி.மீ. எச்.எஸ்.எஸ். பிட்டுக்கு சுமார் 2,650 ஆர்.பி.எம். வரும், 10 மி.மீ. பிட்டுக்கு சுமார் 800. நம் டிரில் 2-இல் ஏறக்குறைய 1,500 வரைதான் சுற்றும். ஆக, சின்ன பிட்டுக்கு 2-இல் முழு வேகம் சரி. பெரிய பிட்டை அப்படி ஓட்டினால் முனை சூடாகி நீலமாகும், பிட் வீண். முதலில் சென்டர் பஞ்ச், பிறகு சின்ன ஓட்டை, அப்புறம் பெரிய பிட்டை 1-இல் போட்டு நிதானமாக. பிளாஸ்டிக்குக்கும் 3டி பிரின்ட் பண்ணின பாகத்துக்கும் வேகம் இன்னும் கம்மி. இல்லாவிட்டால் அறுக்காது, உருகும்.

பாதுகாப்பு என்றதும் எல்லாரும் கிளவுஸைத் தேடுவோம். சுழலும் பிட்டுக்குப் பக்கத்தில் கிளவுஸ் வேண்டாம். ஒரு நூல் மாட்டினால் போதும், கையையும் சேர்த்து இழுத்துவிடும். கண்ணாடி மட்டும் கட்டாயம். துப்பட்டா, விரித்த முடி, முழுக்கைச் சட்டையின் பட்டன், இவை எல்லாவற்றையும் விட நம் கேம்பஸில் பெரிய ஆபத்து கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு டேக். குனிந்து டிரில் பண்ணும்போது அது சரியாக சக்குக்கு மேலே ஆடும். கழற்றி வைத்தால் "ஐடி கார்டு எங்க?" என்று கேட்பார்கள், தெரியும். அந்த ரூமுக்கு மட்டும் அந்த விதியை மாற்றுங்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை. பிட் மாற்றும்போது பேட்டரியைக் கழற்றுங்கள். சக்கை இறுக்கியதும் ஒரு நொடி சும்மா சுற்றிப் பாருங்கள். பிட் ஆடினால் மூன்று தாடைக்கும் நடுவில் அது உட்காரவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு விஷயமும் சொல்லணும். நாலு பேர் டீமில் டிரில் எப்பவும் ஒரே பையன் கையில்தான். பொண்ணுங்களுக்கு பி.பி.டி., ரிப்போர்ட், இல்லாவிட்டால் இந்த பிளேட் பிடிக்கிற வேலை. கருவி தெரியாதவரால், "இப்படிப் பண்றது தப்பு, நிறுத்து" என்று சொல்லவும் முடியாது. எல்லாரும் கற்றுக்கொள்ளணும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான்.

"நாங்க ஐ.டி. வேலைக்குத்தானே போகப்போறோம்" என்பீர்கள். போங்க, நல்லது. ஆனா விரல் பத்தும் இருந்தால்தான் கீபோர்டும் தட்ட முடியும். "யூடியூப்ல பாத்துக்கலாம்" என்பவர்களுக்கு ஒன்று. பிட் சிக்கும்போது மணிக்கட்டில் வரும் அந்தத் திருப்பம் வீடியோவில் தெரியாது. வீணான மரத்துண்டை கிளாம்ப் போட்டு, கையால் ஓட்டிப் பழகினால்தான் தெரியும்.

டிபார்ட்மென்ட்டிடம் கேட்பது பெரிய பட்ஜெட் இல்லை. டிரில் பெட்டியோடு இரண்டு சி-கிளாம்ப், இரண்டு கண்ணாடி. வாசலில் ஐடி கார்டு மாட்ட ஒரு ஆணி. செமஸ்டர் ஆரம்பத்தில், லேப் அசிஸ்டன்ட் அண்ணா முன்னால் டீமில் ஒவ்வொருத்தரும் ஒரு ஓட்டை போட்டு, ஒரு ஸ்க்ரூ இறுக்கிக் காட்டணும். காட்டியவர் பெயர் ரெஜிஸ்டரில் ஏறட்டும். ரெஜிஸ்டரில் பெயர் இல்லாதவருக்கு டிரில் கொடுக்க வேண்டாம், அது ஃபைனல் இயராக இருந்தாலும் சரி.