நாற்பது நிமிடப் பயணத்துக்கு முதல் வகுப்பு எதற்கு?

அமெரிக்காவின் பெரிய விமான நிலையங்களில் இருந்து சிறு நகரங்களுக்குப் பறக்கும் விமானங்களில் அதிகம் பார்க்கக் கிடைப்பது எம்ப்ரேயர் 175 என்னும் சிறு ஜெட். பெரும்பாலும் அதில் 76 இருக்கைகள். முன்னால் 12 இருக்கைகள் முதல் வகுப்பு, பின்னால் 64 சாதாரண வகுப்பு. முன்னால் ஒரு பக்கம் ஒற்றை இருக்கை, மறுபக்கம் இரண்டு. பின்னால் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு. இருக்கையின் அகலத்தில் வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு அங்குலம். சிகாகோவில் ஏறி இல்லினாய் மாநிலத்துக்குள்ளேயே ஒரு பல்கலைக்கழக ஊரில் இறங்குவதென்றால் வானத்தில் இருக்கும் நேரம் நாற்பது நிமிடம்கூட இல்லை.

இந்த நாற்பது நிமிடத்துக்கு முதல் வகுப்பு என்று எதை விற்கிறார்கள்? படுக்கை கிடையாது. சாப்பாடு கிடையாது. ஒரு கோப்பை பானமும் ஒரு பொட்டலம் தின்பண்டமும் கிடைக்கும். பெட்டிக்குத் தனிக் கட்டணம் இல்லை. இது மட்டும் உண்மையான ஆதாயம். மற்றபடி முதலில் ஏறலாம், முதலில் இறங்கலாம், பின்னால் போகிற 64 பேரும் நம்மைக் கடந்து போவதை உட்கார்ந்தபடி பார்க்கலாம். விமானத்தில் முன்னால் ஒரு கழிப்பறை, பின்னால் ஒரு கழிப்பறை. அவரவர் வகுப்புக்கான கழிப்பறையையே பயன்படுத்துங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். 12 பேருக்கு ஒன்று, 64 பேருக்கு ஒன்று.

பதினைந்து மணி நேரம் கடல் தாண்டிப் பறக்கும்போது முதல் வகுப்பில் வசதி விற்கப்படுகிறது என்று சொல்லலாம். முதுகு வலிக்கிறவர் காசு கொடுத்துப் படுத்துக்கொள்கிறார். நாற்பது நிமிடப் பயணத்தில் அந்தச் சமாதானம் எடுபடாது. வசதியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது முன், பின் என்கிற வரிசை மட்டும்தான். விற்கப்படுவதும் அதுதான், வாங்கப்படுவதும் அதுதான். ஏற்றத்தாழ்வு எப்படி இயங்குகிறது என்று படிக்க விரும்புகிறவர்களுக்கு இந்தச் சிறு விமானம் நல்ல பாடம்.

ஏறும் வாசலைப் பாருங்கள். முதல் வகுப்பு முதலில். அடுத்து அந்த நிறுவனத்தில் அதிகம் பறந்து தங்கம், பிளாட்டினம் என்று பட்டம் வாங்கியவர்கள். பிறகு அவர்களின் கடன் அட்டை வைத்திருப்பவர்கள். பிறகு ஐந்தாம் குழு, ஆறாம் குழு, ஏழாம் குழு. மலிவுக் கட்டணத்தில் வாங்கியவர்கள் கடைசி. எல்லாரும் போகப்போவது ஒரே விமானம், ஒரே நேரத்தில்தான் அது கிளம்பும். ஆனாலும் ஐந்தாம் குழுவில் இருப்பவர், ஆறாம் குழுக்காரர் ஒருவர் முன்னால் வந்து நின்றால் முகம் சுளிக்கிறார். முதல் வகுப்பு என்று ஒன்று ஏன் இருக்கிறது என்று அவர் கேட்பதில்லை. தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்பதில்தான் அவர் கவனம்.

அண்ணல் அம்பேத்கர் இதைத்தான் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். மேலே ஒருவர், கீழே எல்லாரும் என்று இருந்தால் கீழே இருப்பவர்கள் ஒன்று சேர்ந்துவிடுவார்கள். படிப்படியாக அடுக்கிவிட்டால், ஆகக் கடைசியில் இருப்பவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் காப்பாற்றிக்கொள்ள ஏதோ ஒரு படி இருக்கும். அடுக்கு நிலைத்து நிற்பதற்கு இதுவே காரணம்.

அப்படியென்றால் விமானத்தில் இருப்பதும் சாதிதானா? நம் தோழர்கள் சிலர் சமூக வலைத்தளங்களில் அப்படித்தான் எழுதுகிறார்கள். முதல் வகுப்பு அக்கிரகாரம், கடைசி வரிசை சேரி என்று. அதை என்னால் ஏற்க முடியவில்லை. யாரும் ஒன்பதாம் குழுவில் பிறப்பதில்லை. காசு இருந்தால் அடுத்த முறை ஒன்றாம் குழு. அங்கே கேட்பது பயணச்சீட்டை மட்டும்தான். சாதி அப்படிப்பட்டதல்ல. பயணச்சீட்டைக் காட்டிய பிறகும் ஒரு கேள்வி மிச்சம் வைத்திருப்பதுதான் சாதி. இந்த வேறுபாட்டை மழுப்பினால் நம்முடைய போராட்டம் எதற்கு என்பதே மழுங்கிவிடும்.

வரலாற்றில் இதற்குச் சான்றுகள் உண்டு. அவற்றில் பல குறுகிய தூரப் பயணங்களில் நடந்தவை என்பது கவனிக்க வேண்டியது.

கறுப்பினப் பள்ளி ஆசிரியை ஐடா பி. வெல்ஸ், மெம்பிஸ் நகரில் இருந்து பக்கத்து ஊருக்கு ரயிலில் போகப் பெண்களுக்கான முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்தார். நடத்துநர் அவரை இழுத்து வெளியேற்றினார். வெல்ஸ் அவர் கையைக் கடித்தார், பிறகு வழக்குப் போட்டார். 1884-இல் நீதிமன்றம் 500 டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 1887-இல் டென்னசி மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

1892 ஜூன் 7 அன்று, ஹோமர் பிளெசி என்ற செருப்புத் தொழிலாளி நியூ ஆர்லியன்சில் இருந்து அதே மாநிலத்தில் உள்ள கவிங்டனுக்கு முதல் வகுப்புச் சீட்டு வாங்கி வெள்ளையர் பெட்டியில் உட்கார்ந்தார். எட்டில் ஒரு பங்கு மட்டுமே கறுப்பினக் கலப்புள்ளவர். பார்த்தால் வெள்ளையராகவே தெரிவார். அவரே சொன்னதால்தான் கைது செய்தார்கள். கறுப்பினத்தவரைத் தனிப் பெட்டியில் ஏற்றும் சட்டத்தை எதிர்ப்பதற்காக ஒரு குடிமக்கள் குழு திட்டமிட்டு நடத்திய போராட்டம் அது. 1896-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 'பிரித்து வைக்கலாம், வசதி சமமாக இருந்தால் போதும்' என்ற அந்தத் தீர்ப்பு அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த நாட்டை ஆண்டது.

சரியாக ஓராண்டு கழித்து, 1893 ஜூன் 7 அன்று, தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்த காந்தி இறக்கிவிடப்பட்டார். நம் பள்ளிப் பாடநூல்களுக்குத் தெரிந்த முதல் வகுப்புக் கதை இது ஒன்றுதான். அடுத்து நடந்ததைப் பாடநூல் சொல்லாது. டர்பன் அஞ்சல் நிலையத்தில் வெள்ளையருக்கு ஒரு வாசலும், இந்தியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் சேர்த்து மற்றொரு வாசலும் இருந்தன. காந்தி செயலாளராக இருந்த நேட்டால் இந்தியக் காங்கிரஸ் முறையிட்டது. விளைவு, மூன்றாவதாக ஒரு வாசல் திறந்தார்கள். ஆப்பிரிக்கரோடு ஒரே வாசலில் நுழையும் அவமானம் இந்தியருக்கு நீங்கியதாம்! ஐந்தாம் குழுவின் அரசியல் என்பது இதுதான்.

1901-இல் சிறுவன் அம்பேத்கர், உடன்பிறந்த அண்ணனோடும் அக்கா பிள்ளையோடும் தந்தையைப் பார்க்க ரயிலில் வந்து மசூர் நிலையத்தில் இறங்கினார். நல்ல உடை அணிந்திருந்த பிள்ளைகளைப் பார்த்த நிலைய அதிகாரிக்கு எதுவும் தெரியவில்லை. கேட்டார். மகர் என்று பிள்ளைகள் சொன்னதும் முகம் மாறியது. வண்டிக்காரர்கள் யாரும் ஏற்றிக்கொள்ள மறுத்தார்கள். கடைசியில் இரட்டைக் கட்டணம் தருவதாகச் சொன்ன பிறகு ஒருவர் ஒத்துக்கொண்டார். அதிலும் நிபந்தனை: வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவர் கூட நடந்து வருவார். கூடுதல் காசு கொடுத்தால் கூடுதல் மரியாதை என்பது முதல் வகுப்பின் விதி. இரட்டிப்புக் காசு கொடுத்தும் வண்டியை நீயே ஓட்டிக்கொள் என்பது சாதியின் விதி.

நூறு ஆண்டுக்கு முந்தைய கதை என்று நினைக்க வேண்டாம். சென்ற ஆண்டு ஒரு மாநாடு முடிந்து இரண்டு பெட்டி நிறையப் புத்தகங்களோடு நான் திரும்பினேன். இரண்டு பெட்டிக்கான கட்டணமும், அன்று இணையத்தில் காட்டிய முதல் வகுப்பு அப்கிரேடு தொகையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. அப்கிரேடு வாங்கிக்கொண்டேன். பக்கத்து இருக்கையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர். நான் அம்மாவிடம் தொலைபேசியில் தமிழில் பேசியதைக் கேட்டு மகிழ்ச்சியாகத் திரும்பினார்.

"தம்பி, எந்த ஊரு?"

மாவட்டத்தைச் சொன்னேன்.

"அங்க எந்தப் பக்கம்?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"தெரியுமே! வீடு ஊருக்குள்ளயேவா?"

"இல்லீங்க, காலனி."

சரி என்று தலையாட்டிவிட்டுக் கைப்பேசியை எடுத்தார். இறங்கும்வரை வேறு பேச்சு இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை, எழுந்து போகவில்லை. புகார் சொல்ல அதில் எதுவுமே இல்லை. மூன்றே கேள்விகள். எங்கள் இருவர் சீட்டிலும் ஒரே வகுப்புதான் அச்சிட்டிருந்தது.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் வேறொன்றைக் கேட்டார். "உனக்கு எதுக்கு தோழர் ஃபர்ஸ்ட் கிளாஸ்?" இந்தக் கேள்வியையும் நான் நிறையக் கேட்டுவிட்டேன். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் இருந்து படிக்க வந்தவன் எளிமையாக இருக்க வேண்டும், கடைசி இருக்கையில் உட்கார வேண்டும், அப்போதுதான் அவன் உண்மையானவன். தலைமுறை தலைமுறையாக முன் வரிசையில் உட்கார்ந்தவர்களிடம் இதை யாரும் கேட்பதில்லை. அண்ணல் கோட்டு சூட்டு அணிந்ததைக் குறை சொன்னவர்களின் அதே குரல் இது. வெல்சும் பிளெசியும் ஆடம்பரத்துக்கு ஆசைப்பட்டு முதல் வகுப்புச் சீட்டு வாங்கவில்லை. காசு எல்லாருக்கும் பொது என்று நீ சொல்வது உண்மையானால் எனக்கும் அதைக் காட்டு என்று அவர்கள் அரசைக் கேட்டார்கள். எனவே தோழர்களே, வாய்ப்பு வந்தால் முன் இருக்கையில் உட்காருங்கள். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அங்கே உட்காருவதை விடுதலை என்று எண்ணிவிடக் கூடாது. அதற்கான காரணமும் இதே விமானத்துக்குள் இருக்கிறது.

சீட்டில் பெரிய நிறுவனத்தின் பெயர் இருக்கும். சிறு எழுத்தில், இயக்குவது வேறொரு நிறுவனம் என்று போட்டிருக்கும். பெரும்பாலும் அது ஒப்பந்த நிறுவனம். சிறு விமானங்களைக் குறைந்த செலவில் ஓட்டுவதற்காக வேலையை வெளியே கொடுத்துவிடுகிறார்கள். பெரிய நிறுவனத்து விமானிகளின் சங்கங்கள் தங்கள் வேலையைக் காப்பாற்ற, ஒப்பந்த விமானத்தில் 76 இருக்கைக்கு மேல் கூடாது என்று ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அந்த எண்ணிக்கை அங்கிருந்துதான் வந்தது. 50 இருக்கை வரை ஒரே ஒரு விமானப் பணியாளர் போதும் என்பது அரசு விதி. ஏறும் வாசலில் அத்தனை குழுக்களையும் சிரித்த முகத்தோடு உள்ளே அனுப்பும் நேரத்துக்கு, விமானப் பணியாளர்களுக்கு நெடுங்காலம் ஊதியமே கிடையாது. கதவு மூடிய பிறகுதான் சம்பளக் கணக்கு தொடங்கும். 2022-இல்தான் சில நிறுவனங்கள் அதற்கும் ஊதியம் கொடுக்கத் தொடங்கின.

2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே இப்படிப்பட்ட ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அந்த விமானத்தின் துணை விமானி சியாட்டிலில் இருந்து இரவெல்லாம் சரக்கு விமானத்தில் பயணம் செய்து வேலைக்கு வந்தவர் என்பது விசாரணையில் தெரிந்தது. அதன்பிறகுதான் ஒப்பந்த விமானிகளின் சம்பளமும் களைப்பும் நாடாளுமன்றத்தில் பேசப்பட்டன. முன் இருக்கையில் இருப்பவருக்கும் பின் இருக்கையில் இருப்பவருக்கும் விமானி ஒருவர்தான்.

தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணாளுக்கு ஓர் இடம், இதராளுக்கு ஓர் இடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். தந்தை பெரியாரும் தோழர்களும் தொடர்ந்து போராடி 1941-இல் அதை ஒழித்தார்கள். பிராமணாள் பகுதியில் நமக்கும் நான்கு நாற்காலி ஒதுக்குங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. பிரிவே கூடாது என்றார்கள். டர்பனின் மூன்றாவது வாசலுக்கும் இதற்கும் உள்ள தூரம்தான் சீர்திருத்தத்துக்கும் சாதி ஒழிப்புக்கும் உள்ள தூரம்.

அமெரிக்காவில் இன்று நம் முன்னால் இருக்கும் வேலையும் அதுதான். 2023 பிப்ரவரியில் சியாட்டில் மாநகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்க நகரங்களில் அதுவே முதல். அதே ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியாவின் இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதாவை அம்மாநில ஆளுநர் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். இருக்கிற சட்டமே போதும் என்றார். போதுமா? "வீடு ஊருக்குள்ளயேவா" என்ற கேள்வியில் என்ன குற்றம் என்று ஓர் அமெரிக்க மேலாளருக்கோ நீதிபதிக்கோ எப்படிப் புரியும்? அதே கேள்வியை நாளை ஒரு நேர்காணல் குழுவில், ஓர் ஆய்வு நெறியாளர் அறையில், வீடு வாடகைக்குக் கேட்கும்போது கேட்டால் என்ன செய்வது? சாதி என்ற சொல் சட்டத்தில் எழுதப்பட்டால்தான் அந்தக் கேள்வியைச் சுட்டிக்காட்ட முடியும்.

இங்கே படிக்க வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். எந்த வகுப்பில் வேண்டுமானாலும் பயணம் செய்யுங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் பாகுபாட்டு எதிர்ப்புக் கொள்கையை எடுத்து, அதில் சாதி என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு 2022-இலேயே சேர்த்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகத்தில் இல்லையென்றால், மாணவர் சங்கத்தில் அதை முதல் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள்.