காத்திருப்பவர் கையில் வேலை இருக்க வேண்டும்

புத்தாண்டு இரவு ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்கள் கையில் ஒரு வாக்குத்தத்த அட்டை இருக்கும். தமிழ்ச் சபைகள் விரும்பி அச்சிடுகிற வசனங்களில் ஒன்று எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம். கடவுள் தம் மக்களுக்குத் தீங்கு நினைக்கவில்லை, நல்ல முடிவையே நினைக்கிறார் என்று ஆறுதல் தரும் வசனம் அது. அதற்கு முந்தைய வசனத்தை அட்டையில் காண்பது அரிது. அந்த நல்ல முடிவு வர 70 ஆண்டு செல்லும் என்கிறது 10ஆம் வசனம். பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தில் வரும் வசனங்கள் இவை. அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்த பெரியவர்களில் அநேகர் பாபிலோனிலேயே மண்ணுக்குள் போவார்கள் என்பதுதான் இதன் பொருள். ஆறுதலை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு ஆண்டுக் கணக்கை விட்டுவிட்டதால், காத்திருப்பு என்றால் என்ன என்பதே நம் சபைகளில் பலருக்கு மறந்துபோயிருக்கிறது.

கி.மு. 597இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமின் அரசனையும் பிரபுக்களையும் கைவினைஞர்களையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போனான். இரண்டே ஆண்டில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் நின்று அறிவித்தான். பாபிலோனுக்கு அடிபணிய வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டினான். எரேமியாவோ சிறைப்பட்டவர்களுக்கு வேறு விதமாக எழுதினார். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைவைத்திருக்கிற அந்த ஊருடைய நன்மைக்காகவே ஜெபம் பண்ணுங்கள் என்றார். இரண்டு ஆண்டு என்று நம்புகிறவன் மூட்டையைப் பிரிக்கமாட்டான். 70 ஆண்டு என்று அறிந்தவன் மரம் நடுவான். இன்று உடனடி அற்புதம், உடனடி ஆசீர்வாதம் என்று மேடைகளில் முழங்குகிறவர்கள் அனனியாவின் வரிசையில்தான் நிற்கிறார்கள்.

பின்பு பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டது. எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டுக் கிடந்தார். அந்த நேரம் பார்த்துத் தகப்பனுடைய சகோதரரின் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் உள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறான். எதிரிப் படை சூழ்ந்திருக்கிற நாட்டில் நிலத்துக்கு என்ன விலை? எரேமியா வாங்கினார். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். பத்திரம் எழுதி, சாட்சிகளின் கையெழுத்தைப் பெற்று, முத்திரையிட்ட படி ஒன்றும் திறந்த படி ஒன்றுமாகத் தம் எழுத்தர் பாருக்கிடம் ஒப்படைத்தார். நெடுங்காலம் கெடாதிருக்க மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொன்னார். முற்றுகைக்கு நடுவிலும் ஒரு நடைமுறையைக்கூட அவர் விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதன் பிறகு, நகரம் எதிரியின் கையில் விழுகிற வேளையில் இந்த நிலம் எதற்கு என்று கடவுளிடமே முறையிட்டார். மனத்தில் கேள்வி இருந்தது. கை வேலையை முடித்துவிட்டது. அந்த நிலத்தை அவர் உழுததாகவோ அறுத்ததாகவோ வேதாகமத்தில் எங்கும் இல்லை. கடைசியில் மக்கள் அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பலன் வருகிற நாள் நம் கையில் இல்லாதபோதும், அந்தப் பலனுக்கான இன்றைய வேலையைக் குறைவின்றிச் செய்து முடிப்பதே கிறிஸ்தவக் காத்திருப்பு என்று நான் கருதுவதற்கு இந்த நிலக் கிரயமே முதல் சான்று.

இதை மறுக்க வேதாகமத்திலிருந்தே ஓர் இடத்தைக் காட்டுவார்கள். செங்கடல் கரையில், பார்வோனின் சேனை துரத்தி வந்தபோது, சும்மாயிருங்கள் என்றுதானே மோசே மக்களுக்குச் சொன்னார்? சொன்னார். ஆனால் அடுத்த வசனத்திலேயே, என்னிடம் ஏன் முறையிடுகிறாய், மக்களைப் புறப்படச் சொல் என்று கடவுள் மோசேயிடம் கூறுகிறார். தெசலோனிக்கேயா சபையிலும் இதே சிக்கல் எழுந்தது. ஆண்டவரின் நாள் குறித்த பரபரப்பு அங்கே மிகுந்திருந்தது. வேலை செய்யாமல் திரிந்தவர்களும் இருந்தார்கள். வேலை செய்ய மனமில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் அந்தச் சபைக்குத்தான் எழுதினார்.

நம் மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. 1919 மே மாதத் தொடக்கத்தில், மிஷனரி சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிய தரங்கம்பாடியில், ஆங்கிலிக்கன் சபையையும் தென்னிந்திய ஐக்கிய சபையையும் சேர்ந்த குருமார் கூடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர். மேலைநாட்டில் பிறந்த பிரிவினைகளை இங்கே நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர்களுடைய கேள்வி. அந்தக் கூட்டத்துக்கு முன்னின்றவர்களில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் டோர்னக்கல் பேராயரானவர். ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர். அவர்கள் கனவு கண்ட தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்தது. இடையில் 28 ஆண்டுகள். பெரிய முட்டுக்கட்டை பேராயர் பதவி. பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்தவரே குரு என்றது ஒரு தரப்பு. பேராயரே இல்லாமல் குருமாரை ஏற்படுத்தி வந்தது மறு தரப்பு. ஒருவர் மற்றவரை விழுங்காமல் இதைத் தீர்க்க வேண்டியிருந்தது. 1929இல் வெளியான இணைப்புத் திட்டம் திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டது. கடைசியில் கண்ட வழி இது: ஏற்கெனவே குருவானவர்களுக்கு மறுபடி அபிஷேகம் வேண்டாம், இனி வருகிறவர்களைப் பேராயர்களே அபிஷேகம் செய்வார்கள், எந்தச் சபையின் மனசாட்சியையும் மீறி ஒரு குருவைத் திணிப்பதில்லை, இரு வகையும் ஒன்றாக வளர 30 ஆண்டு அவகாசம். காத்திருப்பையே சட்டத்தில் ஒரு விதியாக எழுதிவைத்த திருச்சபை இது.

28 ஆண்டு கமிட்டி போட்டுப் பேசியதைத் தாமதம் என்றல்லவா சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தத் தாமதத்தால் அசரியாவே வேதனைப்பட்டார்; 1927இல் லோசான் நகரில் நடந்த உலக மாநாட்டில் பிரிவினையின் கேட்டை உருக்கமாக எடுத்துரைத்தார். ஆனால் இணைப்பு வரட்டும் என்று அவர் டோர்னக்கல் வேலையை ஒத்திப்போடவில்லை. மாலா, மாதிகா மக்கள் வாழ்ந்த தெலுங்கு கிராமங்களில் சபைகளை வளர்த்தார். உள்ளூர் ஆசிரியர்களையும் குருமாரையும் உருவாக்கினார். இந்தியக் கட்டடக் கலையின் சாயலில் ஒரு பேராலயத்தை எழுப்பி 1939இல் பிரதிஷ்டை செய்தார். 1945 ஜனவரி 1 அன்று அவர் மறைந்தார். இணைப்பை அவர் கண்ணால் காணவில்லை. அவசரப்பட்டு ஒட்டியிருந்தால் 10 ஆண்டில் பிளந்திருக்கக்கூடிய ஒன்று, இன்றும் ஒரே திருச்சபையாக நிற்கிறது.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. பொறுமை என்ற சொல்லால்தான் எளியவர்களின் வாயை மதம் அடைத்து வந்திருக்கிறது என்பது அது. 1963 ஏப்ரலில் பர்மிங்காம் சிறையில் இருந்தபடி மார்ட்டின் லூதர் கிங் எழுதிய புகழ்பெற்ற கடிதம், நிறவெறிக்கு எதிரான போராட்டத்தைத் தள்ளிவைக்கும்படி அறிவுரை சொன்ன எட்டு வெள்ளையின மதத் தலைவர்களுக்கான பதில். நம் நாட்டில் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிவானது. தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். இவர்களிடம் போய்ப் பொறுமையைப் பிரசங்கிப்பது பாவம் என்றே சொல்வேன். யாக்கோபு நிருபத்தின் 5ஆம் அதிகாரம் இதைத் தெளிவாக்குகிறது. முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுத்திருக்கிற விவசாயியை அது உதாரணம் காட்டுவது 7ஆம் வசனத்தில். அதற்கு முன்பே, அறுவடை செய்த கூலிக்காரரின் கூலியைப் பிடித்துவைத்த நிலக்காரரை அது பெயர் சொல்லாத குறையாகக் கண்டிக்கிறது. பாக்கி வைத்திருக்கிறவனுக்கு வேதாகமம் பொறுமையைப் போதிக்கவில்லை. பாக்கியைக் கொடுக்கச் சொல்கிறது. தனக்குரியதற்காக ஒருவர் உழைத்தபடி காத்திருப்பது விசுவாசம். அடுத்தவருக்குரியதைக் கையில் வைத்துக்கொண்டு அவரைக் காத்திருக்கச் சொல்வது அநீதி.

தலித் கிறிஸ்தவர்களின் அரசியல் உரிமைக்காக ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10ஆம் தேதியைக் கறுப்பு தினமாக அனுசரிக்கிற திருச்சபைகள் செய்வது சரியான வேலை. அதைத் தொடர வேண்டும். ஆனால் அதே திருச்சபைகளின் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிக்கு ஒரு பகுதி இன்னும் இருக்கிறது. அதை அகற்ற டெல்லியின் ஆணை வேண்டாம், நீதிமன்றத் தீர்ப்பு வேண்டாம். உங்கள் ஊரில் அப்படி ஒரு பிரிவு இருந்தால், அடுத்த சேகரக் கமிட்டிக் கூட்டத்திலேயே அதை நீக்கும் தீர்மானத்தைக் கொண்டுவாருங்கள்.