ஆயுள் குறைந்த அமைச்சகமும் புனேயின் 524 ஏக்கரும்

புனே நகரிலிருந்து ஆளந்தி செல்லும் சாலையில் திகி என்ற பகுதி உள்ளது. அங்கே விதேஷ் சஞ்சார் நிகாம் (வி.எஸ்.என்.எல்.) என்ற பொதுத்துறை நிறுவனத்துக்குச் சொந்தமாக 524 ஏக்கர் நிலம் இருந்தது. வாஜ்பாய் அரசு பெருமையோடு உருவாக்கிய ஓர் அமைச்சகத்தின் யோக்கியதையை அளந்து பார்க்க இந்த ஒரு நிலமே போதும்.

1999 டிசம்பரில் பொதுத்துறைப் பங்குகளை விற்பதற்கென்றே தனித்துறை ஒன்று அமைக்கப்பட்டது. 2001 செப்டம்பரில் அது முழு அமைச்சகமாக உயர்த்தப்பட்டது. அருண் ஷோரி அதன் முகமாக விளங்கினார். நிதியமைச்சகம் இருக்கிறது, ஒவ்வொரு ஆலைக்கும் அதற்குரிய துறையும் இருக்கிறது. பிறகு இந்த அமைச்சகம் எதற்கு? சீர்திருத்தத்துக்கு, செயல்திறனுக்கு என்றார்கள். நட்டத்தில் நடக்கும் நிறுவனங்களை அரசு ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஆனால் விற்கப்பட்ட பால்கோ அலுமினிய நிறுவனம் லாபத்தில் இயங்கியது. அதன் 51 சதவீதப் பங்குகள் 551.5 கோடி ரூபாய்க்கு ஸ்டெர்லைட்டுக்குக் கொடுக்கப்பட்டன. கோர்பாவின் தொழிலாளர்கள் 67 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தார்கள்.

விதேஷ் சஞ்சார் நிகாமும் நட்டத்தில் தள்ளாடிய நிறுவனமல்ல. பணம் கொழித்த நிறுவனம். 2002 பிப்ரவரியில் அதன் 25 சதவீதப் பங்குகள் 1,439 கோடி ரூபாய்க்கு டாடா குழுமத்திடம் சென்றன, நிர்வாகமும் கைமாறியது. மூன்றே மாதங்களில், அதே நிறுவனத்தின் கஜானாவிலிருந்து 1,200 கோடி ரூபாயை டாடா டெலிசர்வீசஸில் முதலீடு செய்யப் புதிய நிர்வாகம் முடிவெடுத்தது. கொடுத்த விலைக்கும் எடுக்க நினைத்த தொகைக்கும் இடையிலான தூரம் அவ்வளவுதான். அன்றைய தொலைத்தொடர்பு அமைச்சர் பிரமோத் மகாஜனே இதை வெளிப்படையாக ஆட்சேபித்தார். பாஜக அமைச்சரே பதறும்படி இருந்தது அமைச்சகத்தின் செயல்திறன்!

நிலத்தின் கதை இதைவிடச் சுவையானது. புனே, டெல்லி, கொல்கத்தா, சென்னையை அடுத்த பாடியநல்லூர் ஆகிய இடங்களில் இருந்த 773 ஏக்கர் உபரி நிலம் விற்பனையில் சேராது, தனி நிறுவனமாகப் பிரிக்கப்படும் என்பது ஒப்பந்தம். அதில் மிகப்பெரிய துண்டு திகியில் இருந்தது. பங்கை விற்க அவசரம் காட்டியவர்களுக்கு நிலத்தைப் பிரிக்கும் அவசரம் இல்லை. அமைச்சகம் மூடப்பட்ட பிறகு, 2005இல்தான் ஹெமிஸ்பியர் பிராப்பர்ட்டீஸ் என்ற நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. அது பங்குச் சந்தைக்கு வந்தது 2020 அக்டோபரில். பதினெட்டு ஆண்டுகள்! ஒரு வருவாய்த் துறை எழுத்தர் ஒரு பட்டாவை இவ்வளவு காலம் இழுத்தடித்திருந்தால், அரசு ஊழியர்களின் சோம்பல் பற்றி எத்தனை தலையங்கங்கள் வந்திருக்கும்!

2003 செப்டம்பரில், நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி இந்துஸ்தான் பெட்ரோலியத்தையும் பாரத் பெட்ரோலியத்தையும் விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2004 தேர்தலில் 'ஒளிரும் இந்தியா'வை மக்கள் நிராகரித்தார்கள். இடதுசாரிகளின் ஆதரவின்றி ஆட்சி அமையாது என்ற நிலையில், மே 27 அன்று அமைச்சகம் ஒழிக்கப்பட்டு நிதியமைச்சகத்தின் ஒரு துறையாகச் சுருக்கப்பட்டது. மூன்று ஆண்டுகூட நிறையாத ஆயுள். இத்தகைய பதவிகளுக்கு எங்குமே அற்பாயுள்தான். பிரிட்டனில் 2022இல் 'அரசுச் செயல்திறன்' அமைச்சராக்கப்பட்ட ஜேக்கப் ரீஸ்-மோக் ஏழு மாதம் அந்தப் பதவியில் இருந்தார்.

பதவி போனது, வேலை நிற்கவில்லை. 2016இல் மோடி அரசு அந்தத் துறையின் பெயரிலிருந்து பங்கு விற்பனை என்ற சொல்லையே நீக்கி, 'முதலீடு மற்றும் பொதுச் சொத்து மேலாண்மை' என்று மாற்றியது. அதே ஆண்டு டிசம்பரில் மத்திய அமைச்சரவையின் பார்வை மீண்டும் புனே பக்கம் திரும்பியது. இம்முறை பிம்ப்ரியில் உள்ள இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ்.

1954இல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெப் ஆகியவற்றின் உதவியோடு தொடங்கப்பட்ட ஆலை அது. பன்னாட்டுக் கம்பெனிகள் சொன்ன விலையே விலை என்றிருந்த நாட்டில் பென்சிலினைச் சொந்தமாகத் தயாரித்தது. பூஞ்சை நோய்க்கான ஹாமைசின் என்ற மருந்தை அதன் ஆய்வுக்கூடத்தில் திருமலாச்சார் குழுவினர் கண்டுபிடித்தனர். தாராளமயத்தில் இறக்குமதிக்குக் கதவு திறக்கப்பட்டது. 1997இல் ஆலை நலிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. 2016 முடிவோ, உபரி நிலத்தை விற்றுக் கடனை அடைப்பது, பிறகு ஆலையையே விற்பது என்பதாகும். 2019இல் ஊதிய நிலுவைக்கும் விருப்ப ஓய்வுக்குமாக 280.15 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். தொழிலாளரை வீட்டுக்கு அனுப்பப் பணம் இருந்தது. ஆலையை நவீனமாக்க இல்லை.

மறு ஆண்டு, 2020 மார்ச்சில், மருந்து மூலப்பொருட்களுக்குச் சீனாவை நம்பியிருக்கிறோமே என்று அரசு திடீரென விழித்துக்கொண்டது. உள்நாட்டில் உற்பத்தி செய்யும் கம்பெனிகளுக்கு ஊக்கத்தொகை வழங்க 6,940 கோடி ரூபாயில் திட்டம் அறிவித்தது. ஊக்கத்தொகைக்குத் தகுதியான மருந்துப் பொருட்களின் பட்டியலில் பென்சிலின்-ஜியும் இருக்கிறது.